மூடுவதற்கும் அதே தாள்கள்

உத்தமபாளையம்
3.9.2025

ஷானவாஸ்,

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம் கம்பெனியை மூட நாள் குறித்துவிட்டாய். இது அநியாயம். அநியாயத்தை முதலில் எழுதிவிட்டேன், ஸலாம் அதற்குப் பிறகு. அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று பகலில் தபால்காரர் பஞ்சுக் கூடத்துக்கு வந்து கையெழுத்துக் கேட்டார். பிரித்துப் பார்த்தால், சுருளியாறு இலவம் பஞ்சு பிரைவேட் லிமிடெட்டின் பங்குதாரர் ஜெய்த்தூன் பீவிக்கு அறிவிப்பு. 28ஆம் தேதி ஞாயிறு காலை ஆண்டுக் கூட்டமாம். கம்பெனியை அரசாங்கப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லித் தீர்மானமாம். கூட்டம் நடக்கிற இடம் இதே பஞ்சுக் கூடம். தினமும் நான் சாவி போட்டுத் திறக்கிற கூடத்தில் என்ன நடக்கப் போகிறது என்று தொடுபுழாவிலிருந்து தபாலில் தெரிந்துகொள்கிறேன். என் தம்பி எனக்கு எழுதிய கடிதத்தில் ‘அன்புடையீர்’ என்று அச்சடித்திருக்கிறது. நான் உனக்கு எப்போது அன்புடையீர் ஆனேன்?

காரணம் என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். அரசாங்கம் எனக்குக் கொடுத்த இயக்குநர் எண் செயலிழந்துவிட்டதாம், வருடாந்திரத் தாள்கள் நிற்கின்றனவாம், சிறிய நிறுவனம் இந்தச் சுமையைத் தாங்காதாம். சுமை யார் தலையில் இருக்கிறது என்று பார்க்க நீ இங்கே இல்லை. வருசநாட்டுக் காயை உடைத்து, கொட்டை நீக்கி, பஞ்சடித்து, தலையணையாகத் தைத்து உன் டிப்போவுக்கு லாரி ஏற்றுகிறவள் நான். நீ விற்கிறாய். விற்பதும் வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை.

கம்பெனி இருக்கிற வரைக்கும் நான் இயக்குநர். மூடிவிட்டு உன் ஒருவன் பேரில் வியாபாரம் நடந்தால், நான் உன் கடைக்குப் பஞ்சடிக்கிறவள். இந்த வித்தியாசம் உனக்குச் சின்னதாகத் தெரியலாம்.

போனில் பேச மாட்டேன். போனில் பேசியதை நாளைக்கு யாரும் இல்லை என்பார்கள். நீ பதிவுத் தபாலில் ஆரம்பித்தாய், நானும் பதிவுத் தபாலிலேயே வருகிறேன்.

ஜெய்த்தூன் பீவி
இயக்குநர்


தொடுபுழா
9.9.2025

அக்கா,

வ அலைக்கும் ஸலாம்.

‘இயக்குநர்’ என்று அடிக்கோடு போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். அரசாங்கக் கம்ப்யூட்டரில் நீ அப்படி இல்லை. அதற்கு யார் காரணம் என்று நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

நம் வீட்டில் பாலுக்கும் ரேஷனுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் கடை நம்பர் ஒன்றுதான். கம்பெனி தொடங்கியபோது அந்த நம்பரை என் பேருக்குக் கொடுத்தோம். உனக்கு என் பெண்டாட்டி யாஸ்மின் நம்பரைக் கொடுத்துச் சமாளித்தோம். நாங்கள் கேரளாவுக்கு வந்ததும் யாஸ்மின் சிம்மை மாற்றினாள். பிறகு உனக்கும் கடை நம்பரையே கொடுத்தோம். ஒரு நம்பருக்கு ஓர் இயக்குநர்தான் என்று கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது. உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன், ஒரு சிம் வாங்கு அக்கா என்று? நீ சொன்ன பதிலை உன் வாய்மொழியிலேயே எழுதுகிறேன்: “ஏலே, ஒரு வீட்டுக்கு எத்தன நம்பருடா? எனக்கு யாரு கூப்பிடப் போறா?”

அக்கா, யாரும் கூப்பிட வேண்டாம். வருடாந்திரச் சரிபார்ப்புக்கு ஓடிபி வந்தால் போதும். அது வரவில்லை. உன் எண் செத்தது. கணக்கில் இரண்டு இயக்குநர்கள் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் போன வருஷக் கணக்கும் நின்றது. நின்ற நாளிலிருந்து அபராதம் ஏறிக்கொண்டே போகிறது.

கொச்சியில் ரப்பர் கம்பெனி வைத்திருக்கிற நண்பர் ஒரு காலண்டர் கொடுத்தார். எந்த மாதம் எந்தக் கூட்டம், எந்தத் தேதிக்குள் எந்தத் தாள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. உனக்கும் ஒரு நகல் அனுப்பினேன், நீ அதில் பஞ்சு மடித்திருப்பாய். நான் அதைச் சுவரில் ஒட்டிவைத்து, யாஸ்மினை எதிரே உட்காரவைத்து, நீ இல்லாத கூட்டத்தில் நீ ஆமோதித்ததாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாலாவில் ஓர் ஆஸ்பத்திரி தலையணை கேட்டது. நான் போய்ப் பேச வேண்டிய நாளில் இங்கே கூட்டக் குறிப்பு எழுதினேன். ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. நான்கு மெஷின் வைத்திருக்கிற நமக்கும், நாலாயிரம் பேர் வேலை செய்கிற ஆலைக்கும் ஒரே சட்டமா?

கம்பெனி வேண்டாம். என் பேரில் சாதாரணக் கடையாக நடத்துவோம். உனக்கு வரவேண்டியது வரும். நாலில் மூன்று பங்கு சம்மதம் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். என்னிடமும் யாஸ்மினிடமும் பாதி. உன்னிடம் கால். மீதிக் கால், வருசநாட்டிலிருந்து நமக்குக் காய் போடுகிற சங்கிலியம்மாளிடம். அவரிடம் போனில் கேட்டேன். “ஆகட்டும்யா” என்றார்.

கோபித்துக்கொள்ளாதே. எனக்கு அலுத்துவிட்டது.

ஷானவாஸ்


உத்தமபாளையம்
15.9.2025

ஷானவாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். அலுப்பு ஒரு காரணம் அல்ல.

காலண்டரில் நான் பஞ்சு மடிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, தேனி அல்லிநகரத்தில் நம் ஆடிட்டர் வைகுண்டராஜ் ஆபீசுக்குப் போனேன். மனிதர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் காலண்டரை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“யாரும்மா கொடுத்தது இத?”

“தம்பிக்குத் தெரிஞ்ச ரப்பர் கம்பெனிக்காரரு.”

“இது பெரிய கம்பெனிக்குள்ளதும்மா. உங்கள மாதிரி சின்னக் கம்பெனிக்கு அரை வருஷத்துக்கு ஒரு போர்டு கூட்டம் போதும். வருஷாந்தர அறிக்கைக்கும் சுருக்கமா தனித் தாள் இருக்கு. உங்க தம்பிகிட்ட ரெண்டு மட்டம் சொன்னேன். ‘இருக்கட்டும் சார், கூடக் கொஞ்சம் செஞ்சு வச்சா பின்னால ஒரு வம்பும் வராதுல்ல’ன்னாக.”

கேட்டாயா? அரசாங்கம் கேட்காததையெல்லாம் நீயாகச் சுமந்திருக்கிறாய். பயத்தில் ரப்பர் கம்பெனிக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்த்திருக்கிறாய். பாலா ஆஸ்பத்திரி ஆர்டர் சட்டத்தால் போகவில்லை, சுவரில் ஒட்டியிருந்த அந்தக் காலண்டரால் போயிற்று.

இன்னொன்றும் கேட்டேன். “சரி சார், மூடணும்னா என்ன செய்யணும்?”

“மூடணும்னாலும் பாக்கிக் கணக்க எல்லாம் கொடுத்துட்டுத்தாம்மா மூடணும். உங்க எண்ணையும் உசுருக்குக் கொண்டுவரணும். அபராதமும் கட்டணும்.”

ஆக, மூடுவதற்கும் அதே தாள்கள். சாவதற்குக் கொடுக்கிற தாளை வாழ்வதற்குக் கொடுத்தால் என்ன? இதற்குப் பதில் எழுது.

சட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறையை நீ ஓடிப்போய்த் தீர்க்கப் பார்க்கிறாய், நான் கேட்டுத் தீர்க்கப் பார்க்கிறேன். இயக்குநர் உயிரோடு இருக்கிறார், அதே ஆள்தான் என்று வருடா வருடம் நிரூபிக்க வேண்டுமாம். நான் என்ன வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுகிறேனா? அப்புறம் அந்தப் பெயர்ப் பலகை. கம்பெனி வாசலில் இந்த ஊர்க்காரர்கள் படிக்கிற மொழியிலும் பெயர் எழுத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நல்ல சட்டம். அதனால்தான் நம் கூடத்தில் தமிழ்ப் போர்டு தொங்குகிறது. வாசலில் தமிழ் கேட்கிற அரசாங்கம், உள்ளே நான் கையெழுத்துப் போடுகிற தாளை மட்டும் ஏன் எனக்குப் புரியாத மொழியில் வைத்திருக்கிறது? ஆடிட்டர் சிரித்தார். “இத எழுதிக் கொடுங்கம்மா” என்றார். எழுதிவிட்டேன். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற ஜெபராஜ்தான் இந்த வருஷம் சிறு தொழில் சங்கச் செயலாளர். அவரிடம் கொடுத்தேன். டில்லிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

28ஆம் தேதி வா. நானும் இருப்பேன்.

ஜெய்த்தூன் பீவி
இயக்குநர்


தொடுபுழா
20.9.2025

அக்கா,

வ அலைக்கும் ஸலாம்.

காலண்டரைக் கிழித்துவிட்டேன். அதற்காக நீ சொன்னதெல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டதாக எழுதிவைத்துக்கொள்ளாதே. யாஸ்மின் அந்தச் சுவரைப் பார்த்து, “இப்பத்தான் வீடு வெளிச்சமா இருக்கு” என்கிறாள். அவளும் உன் கட்சி போல இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். டில்லிக்கு மனு எழுதுகிறாய். தேனிக்குப் போய் ஆடிட்டரிடம் சட்டம் கேட்கிறாய். உன் கூடத்திலிருந்து நூறடி தள்ளி செல்போன் கடை இருக்கிறதே, அங்கே மட்டும் போக மாட்டாய். நாட்டுச் சட்டம் எல்லாம் உனக்காக மாற வேண்டும், நீ ஒரு சிம் வாங்க மாட்டாய். உன் மனுவின் அடியில் தொடர்பு எண் என்று கேட்டிருப்பார்களே, என்ன எழுதினாய்? கடை நம்பர்தானே? அந்தப் போன் இப்போது என் மேசையில் இருக்கிறது அக்கா. டில்லியிலிருந்து யாராவது கூப்பிட்டால் சொல்கிறேன்.

உன் எண் செத்திருக்கிற வரைக்கும் உன் நியாயம் எதுவும் நிற்காது. சங்கிலியம்மாள் சொன்ன வார்த்தை மாற மாட்டார்.

ஞாயிறு வருகிறேன்.

ஷானவாஸ்


உத்தமபாளையம்
29.9.2025
செல்: இயக்குநர் ஜெய்த்தூன் பீவிக்கு மட்டும் (எண் உறைக்குப் பின்னால்)

ஷானவாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தலைப்பில் செல் என்று இருப்பதைப் பற்றி நீ எதுவும் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை வைகுண்டராஜ் ஆபீசில் ஓடிபி வந்தது. என் எண் உயிரோடு இருக்கிறது. அபராதத்தை நான் கட்டினேன், அதை நான் மறக்கப் போவதும் இல்லை. இந்த நம்பருக்கு ஓடிபியைத் தவிர யாரும் கூப்பிடக் கூடாது. நேற்று நீ வருகைப் பதிவேட்டில் நம்பரைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை கூப்பிட்டாய். அடித்தது கேட்டது. எடுக்கவில்லை.

நேற்றுக் கூட்டத்தில் நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனாலும் குறிப்புப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்பதால் இங்கே அப்படியே எழுதுகிறேன். சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

தலைவர் ஷானவாஸ், கம்பெனியை நீக்கக் கோரும் தீர்மானத்தைப் படித்தார். படிக்கும்போது தண்ணீர் குடித்தார். பங்குதாரர் சங்கிலியம்மாள் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிவிட்டுக் கேட்டது:

“ஏய்யா சானவாசு, போன்ல என்ன கேட்ட? கம்பெனிய வேற மாதிரி மாத்தி எழுதப் போறோம், சரியான்னு கேட்ட. ஆகட்டும்யான்னேன். மூடுனா எம் பங்கு என்னாகும்னு சொன்னியா?”

தலைவர்: “உங்களுக்கு ஒரு கொறையும் வராதுக்கா. வழக்கம்போல நீங்க காய் போடலாம்.”

சங்கிலியம்மாள்: “காய் போடுறதா? வருசநாட்டுல காய் போடுறவளுக அங்கன இங்கன ஆயிரம் பேரு கெடக்காளுக. பங்குக்காரி நான் ஒருத்திதேன். மொத வருசம் காய்க்குக் காசு வேணாம், பங்கா எழுதுங்கன்னு சொன்னப்ப எம் மருமகன் சிரிச்சான். இன்னைக்கு அவன் வீட்டுக்கு வர்ற ஆளுககிட்ட, எங்க மாமியா கம்பெனிக்காரின்னு சொல்றான். அதப் போயி அழிக்கச் சொல்றியா?”

தலைவர்: “தாள் வேல தாங்கலக்கா.”

சங்கிலியம்மாள்: “மூடுறதுக்கும் இம்புட்டுத் தாளு, நடத்துறதுக்கும் இம்புட்டுத் தாளுன்னா, நடத்திட்டுப் போவோம்யா. ஏத்தா ஜெய்த்தூனு, எனக்கும் அந்தத் தாளுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லணும். வாசிக்காத தாளுக்கு இனிமே நான் ஆகட்டும் சொல்ல மாட்டேன்.”

தீர்மானம் தோற்றது. குறிப்பு முடிந்தது.

இனி எழுதுவது குறிப்பில் இல்லை. சங்கிலியம்மாளை நான் முன்கூட்டிப் பார்த்துப் பேசியதாக நேற்று வாசலிலேயே யாஸ்மினிடம் நீ சொன்னாயாம். நான் வருசநாட்டுப் பக்கமே போகவில்லை. அவர் தபாலில் வந்த அறிவிப்பைத் தன் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நீ அச்சடித்து அனுப்பிய அன்புடையீர் கடிதம்தான் உன்னைத் தோற்கடித்தது.

கூட்டம் முடிந்ததும் சாப்பிடாமல் போய்விட்டாய். உனக்காக வைத்திருந்த ஆட்டுக்கால் பாயாவை, கூட்டத்துக்கு வந்திருந்த ஆடிட்டர் சாப்பிட்டார். யாஸ்மின் பையில் தம்ரூட்டு இனிப்பு வைத்தேன், வந்து சேர்ந்ததா என்று அவளைக் கேட்டுச் சொல்.

ஜெய்த்தூன் பீவி
இயக்குநர் (உயிரோடு)


தொடுபுழா
4.1.2026

அக்கா,

வ அலைக்கும் ஸலாம்.

மூன்று மாதமாக உனக்கு எழுதவில்லை. கூட்டக் குறிப்பில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ‘படிக்கும்போது தண்ணீர் குடித்தார்’ என்ற வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் நீ மறுபடியும் பதிவுத் தபால் அனுப்புவாய் என்று விட்டுவிட்டேன். தம்ரூட்டு அன்றைக்கே வந்து சேர்ந்தது. குமுளி தாண்டுவதற்குள் நான் பாதி தின்றுவிட்டேன், கோபத்தில்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வைகுண்டராஜ் சார் நேற்றுக் கூப்பிட்டார். டிசம்பர் கடைசியில் அரசாங்கம் அறிவித்துவிட்டதாம். இயக்குநர்கள் தாங்கள் அதே ஆள்தான் என்று வருடா வருடம் நிரூபிக்க வேண்டாம். மார்ச் மாதக் கடைசியிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும். சின்னக் கம்பெனி என்று கணக்கில் எடுக்கிற எல்லையையும் உயர்த்தியிருக்கிறார்களாம். “உங்க அக்காகிட்ட மொதல்ல நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா எனக்கு மாலை போட்டுருவாக” என்றார்.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் மனுவால்தான் என்பாய். அக்கா, இது நாடு முழுக்க வந்த மாற்றம். எத்தனையோ பேர் எத்தனையோ வருஷமாகக் கேட்டது. உன் மனு ஜெபராஜ் மேசையைத் தாண்டியதா என்பதே எனக்குச் சந்தேகம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது யாஸ்மின் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, “மதினி ஜெயிச்சிட்டாகன்னு ஒரு வரி எழுதுனா கையா வலிக்கும்?” என்கிறாள். சரி. நீ ஜெயித்தாய்.

இன்னொரு சேதி. போன வருஷக் கணக்கு ஏறி, கம்பெனி நல்ல நிலையில் இருக்கிறது என்று பதிவில் வந்ததும் அந்தப் பாலா ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனேன். அவர்கள் பதிவான கம்பெனியிடம்தான் வாங்குவார்களாம். என் பேரில் கடையாக மாற்றியிருந்தால் உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். வார்டு முழுக்கத் தலையணை கேட்கிறார்கள், மெத்தையும் கேட்கிறார்கள். காய் சீசன் தொடங்கும் முன் சங்கிலியம்மாளிடம் சொல்லிவை. இல்லை, நானே கூப்பிட்டுச் சொல்கிறேன். இந்தத் தடவை முழுவதும் வாசித்துக் காட்டிச் சொல்கிறேன்.

உன் நம்பருக்கு நேற்றும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஷானவாஸ்


உத்தமபாளையம்
8.2.2026

தம்பி ஷானவாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தடவை ஸலாம் முதலில் வந்திருப்பதைப் பார்.

ஜெபராஜ் மேசையைத் தாண்டியதா என்று கேட்டிருந்தாய். தாண்டியது. மனு கிடைத்தது என்று டில்லியிலிருந்து வந்த பதிலைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதில் ‘கிடைத்தது’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று நீ சொல்வாய். ஆயிரம் பேர் தள்ளிய வண்டியில் என் கையும் இருந்தது, அந்தக் கையை எடுக்கச் சொல்ல உனக்கு உரிமை இல்லை.

வருடா வருடத்தை மூன்று வருஷம் ஆக்கியது நல்லது. ஆனால் பாதி தூரம் வந்த பஸ்ஸிலிருந்து, ஊர் வந்துவிட்டது என்று நான் இறங்க மாட்டேன். நேற்றுப் போடியில் சங்கக் கூட்டம். தலையணைக்காரர், ஏலக்காய்க்காரர், திராட்சைப் பழரசம் போடுகிறவர், வடுகபட்டிப் பூண்டு மண்டிக்காரர் என்று மண்டபம் நிறைந்துவிட்டது. ஒவ்வொருவரும் எழுந்து, தன் வீட்டிலும் ஒரே நம்பர்தான் என்றார். புருஷனும் பெண்டாட்டியும் இயக்குநர், இரண்டு பேருக்கும் கடை நம்பர். அப்பனும் மகனும் இயக்குநர், இரண்டு பேருக்கும் கடை நம்பர். அதில் பாதிப் பேர் எண் செத்துக் கிடக்கிறது, அவர்களுக்கே தெரியாது. நம் வீட்டுக் கிறுக்கு என்று நீ நினைத்தது இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. ரப்பர் கம்பெனிக் காலண்டர் மாதிரி ஆளுக்கொரு காலண்டரைச் சுவரில் ஒட்டிக்கொண்டு எல்லாரும் பயந்திருக்கிறார்கள்.

என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். “கம்பெனிய மூடணும்னு நெனைக்கிறவுக கை தூக்குங்க” என்றேன். நிறையப் பேர் தூக்கினார்கள். மூடுவதற்கு என்னென்ன தாள் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்னமே கைகள் இறங்கிவிட்டன. பின்னாலிருந்து ஒருத்தர், “அப்ப நடத்தியே தொலைவோம்மா” என்றார். மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதைத்தான் தீர்மானமாக எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். ஒரு கைகூட எதிராக வரவில்லை.

தீர்மானத்தை ஜெபராஜ் தட்டச்சு செய்து அனுப்புவார். அதற்கு முன் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது.

அரசாங்கம், வாசல் போர்டுக்குக் கேட்கிற மொழியைத் தாளுக்கும் தர வேண்டும். ஒரு நாள் தாமதத்துக்கும் ஒரு வருஷத் தாமதத்துக்கும் சிறியவர்களிடம் வேறு வேறு அபராதம் வாங்க வேண்டும். மூட நினைக்கிறவனுக்கு ஒரே தாளில் வழி விட வேண்டும், அப்போதுதான் நடத்துகிறவன் பிடித்துப்போய் நடத்துகிறான் என்று தெரியும்.

ஜெபராஜ், வருஷத்துக்கு ஒரு நாள் சங்க மண்டபத்தில் மேசை போட்டு, உறுப்பினர்களின் இயக்குநர் எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வைகுண்டராஜ், சின்னக் கம்பெனிக்கு எது தேவை, எது தேவையில்லை என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டார், பாயா சாப்பிட்ட கடன். ஊரிலுள்ள ஒவ்வொரு இயக்குநரும் தனக்கென்று ஒரு நம்பர் வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, நான் செப்டம்பரிலேயே வாங்கிவிட்டேன்.

சங்கிலியம்மாள், மார்ச்சில் முதல் காயை நமக்குத்தான் இறக்க வேண்டும். ஆஸ்பத்திரி மெத்தைக்குத் துணி பார்க்க வேண்டியது யாஸ்மின், அவளுக்குத்தான் அந்தக் கண் உண்டு. நான்கு மெஷினையும் எண்ணெய் போட்டு வைக்க வேண்டியது நான்.

அரை வருஷக் கூட்டம், பெருநாள் கழிந்து அடுத்த ஞாயிறு, இங்கேதான். அறிவிப்பில் அன்புடையீர் போடாமல் அக்கா என்று எழுத வேண்டியது நீ. கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதும் நீ. அன்றைக்குக் காலையில் குமுளி தாண்டியதும் என் நம்பருக்குக் கூப்பிடு. எடுக்க வேண்டியது நான்.

ஜெய்த்தூன் பீவி
இயக்குநர்